மொபைல்ப்ரோ 780-இல் நெட்பிஎஸ்டி: பழைய கைக்கணினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்இசி மொபைல்ப்ரோ 780-இன் மூடியைத் திறந்தால் முதலில் மனதைக் கவர்வது அதன் விசைப்பலகைதான். பத்து விரலையும் வைத்துத் தட்டச்சு செய்யலாம். மேலே 8.1 அங்குலத் திரை, அகலத்தில் 640 புள்ளி, உயரத்தில் வெறும் 240. உள்ளே 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் விஆர்4121 என்ற மிப்ஸ் வகைப் புராசசர், 32 எம்பி நினைவகம். பக்கத்தில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் துளை, ஒரு பிசி கார்டு துளை. 1999-இல் இது விண்டோஸ் சிஇ-யோடு விற்பனைக்கு வந்தது. அந்த விண்டோஸ் சிஇ-யை வைத்துக்கொண்டு இன்று செய்ய முடிவது கொஞ்சம்தான். ஆனால் இதே இயந்திரத்தில் நெட்பிஎஸ்டி என்ற முழுமையான யூனிக்ஸ் அமைப்பை ஓட்டலாம். அதை எப்படிச் செய்வது என்று தொடக்கத்திலிருந்து இங்கே சொல்கிறேன்.

பழைய கருவிகளில் புது இயங்குதளம் ஏற்றலாம் என்றாலே பலருக்கும் பயம் வருகிறது. கருவி செத்துவிடுமோ என்ற பயம். இந்த வகைக் கைக்கணினிகளில் அந்தப் பயம் தேவையில்லை. விண்டோஸ் சிஇ எளிதில் அழியும் ராமில் பதிந்திருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது இருப்பது அழிக்க முடியாத ரோமில். நாம் தொடுவது ராமையும் நினைவக அட்டையையும் மட்டும். எது தவறாகப் போனாலும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் கடையிலிருந்து வந்த அன்றைய நிலைக்கு இயந்திரம் திரும்பிவிடும். இயங்குதளம் வன்பொருளைக் கையில் எடுக்கும் அந்த முதல் சில நொடிகளை நேரில் பார்த்துக் கற்க இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

யார் செய்த வேலை இது

விண்டோஸ் சிஇ கைக்கணினிகள் 1996-இன் இறுதியில் சந்தைக்கு வந்தன. ஜப்பானில் என்இசி இதே குடும்பத்தை மொபைல்கியர் என்ற பெயரில் விற்றது. அங்கே சில ஆர்வலர்கள் டாஸில் ஓடிய முந்தைய மொபைல்கியரில் நெட்பிஎஸ்டியின் உறவான ஃப்ரீபிஎஸ்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பாக்கெட்பிஎஸ்டி என்று அதற்குப் பெயர். நாம் பயன்படுத்தப்போகும் பூட்லோடரின், அதாவது இயங்குதளத்தை ஏற்றும் நிரலின், பெயர் பிபிஎஸ்டிபூட். அதன் முதல் எழுத்து அந்தப் பாக்கெட்டிலிருந்து வந்ததுதான். மிப்ஸ் புராசசர் கொண்ட சிஇ கருவிகளுக்கான வேலை நெட்பிஎஸ்டிக்குள் எச்பிசிமிப்ஸ் என்ற பெயரில் சேர்ந்தது. 2000 டிசம்பரில் வந்த நெட்பிஎஸ்டி 1.5-இல் அது முதன்முறையாக அதிகாரபூர்வமாக வெளியானது. ஹிட்டாச்சியின் எஸ்எச் புராசசர்களுக்கான எச்பிசிஎஸ்எச், ஸ்ட்ராங்ஆர்ம் கருவிகளுக்கான எச்பிசிஆர்ம் இரண்டும் 2002-இல் 1.6-ஓடு வந்தன.

புராசசரின் கையேட்டை என்இசி வெளியிட்டிருந்தது. ஆனால் அந்தப் புராசசரின் எந்தக் கால் எந்தப் பொத்தானோடு இணைந்திருக்கிறது, திரையின் நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, விசைப்பலகையின் கம்பிகள் எந்த வரிசையில் ஓடுகின்றன என்பதெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. அவற்றை எந்தக் கையேடும் சொல்லவில்லை. கருவியை வைத்திருந்தவர்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒரு அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். இன்று பட்டியலில் மொபைல்ப்ரோ 780 என்று தேர்ந்தெடுத்து பூட் செய்ய முடிவது அந்த வரிகளால்தான்.

படி 1: இயந்திரத்தைச் சரிபார்ப்பது

பழைய 780 கையில் கிடைத்ததும் உடனே அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் அதைத் திரும்பப் போடவே கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இத்தனை ஆண்டு ஆன பேட்டரி பெரும்பாலும் மின்னூட்டம் தாங்காது. அடாப்டரில் ஓட்டுவதாகவே திட்டமிடுவது நல்லது. அடாப்டரின் வோல்ட் அளவும் முனையின் துருவமும் கருவியின் அடியில் அச்சிட்டிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் சிஇ சரியாக ஓடுகிறதா, தொடுதிரை ஏற்கிறதா, எல்லா விசைகளும் எழுதுகின்றனவா என்று பத்து நிமிடம் செலவழித்துச் சோதியுங்கள். சிஇ-யிலேயே வேலை செய்யாத விசை நெட்பிஎஸ்டியிலும் வேலை செய்யாது. இதை முன்பே பார்க்காமல் விட்டால் பின்னால் மென்பொருளில் பிழை தேடி நாட்கள் வீணாகும்.

உள்ளே பழைய உரிமையாளரின் குறிப்புகளோ உங்கள் சொந்தக் கோப்புகளோ இருந்தால் இப்போதே நகல் எடுத்துவிடுங்கள். சிஇ தன் கோப்புகளையும் அமைப்புகளையும் ராமில் வைத்திருக்கிறது. நெட்பிஎஸ்டி எழும்போது அந்த ராம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதில் இருந்தவை திரும்ப வராது.

படி 2: எந்த வெளியீடு

எச்பிசிமிப்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த நெட்பிஎஸ்டி 10.0-இலும் அதற்கான கோப்புகள் உண்டு. கால் நூற்றாண்டு பழைய கைக்கணினிக்கு இன்றைய இயங்குதளம் கிடைப்பது எளிதில் நடக்கிற விஷயம் இல்லை. யாரோ ஒவ்வொரு முறையும் அதைக் கட்டி, உடைந்ததைச் சரிசெய்து வைக்கிறார்கள்.

ஆனால் 32 எம்பி ராமில் புதிய வெளியீடு நெருக்கடியாகத்தான் ஓடும். என் பரிந்துரை இது: இணையத்தில் இணைக்கப்போவதில்லை, எழுதவும் நிரல் கற்கவும் மட்டும் போதும் என்றால் 1.6 அல்லது 2.0 வரிசையை எடுங்கள். பழைய வெளியீடுகளைத் திட்டத்தின் காப்பகத்தில் இன்றும் இறக்கலாம். சுறுசுறுப்பாக ஓடும். வலையில் இணைக்கப்போகிறீர்கள் என்றால் புதியதைத் தவிர வேறு வழியில்லை. வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் பழைய பதிப்பு பேசும் குறியாக்க முறைகளை இன்றைய சர்வர்கள் ஏற்பதில்லை.

இறக்க வேண்டியவை: நிறுவலுக்கான கர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு), சாதாரணப் பயன்பாட்டுக்கான ஜெனரிக் கர்னல், பிபிஎஸ்டிபூட், பிறகு செட் எனப்படும் சுருக்கப்பட்ட தொகுப்புகள். செட்களில் பேஸ், இடிசி இரண்டும் கட்டாயம். கையேட்டுப் பக்கங்கள் கொண்ட மேன் தொகுப்பை விட்டுவிடாதீர்கள். வலை இல்லாத கருவியில் அதுதான் உங்கள் ஆசிரியர். சி நிரல் எழுதும் ஆசை இருந்தால் காம்ப் தொகுப்பும் வேண்டும்.

படி 3: சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டைத் தயாரித்தல்

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

1 அல்லது 2 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்று எடுங்கள். அதைவிடப் பெரியது தேவையே இல்லை. அதில் இரண்டு பார்ட்டிஷன், அதாவது பிரிவு, வேண்டும். முதலாவது ஃபாட்16 என்ற விண்டோஸ் கோப்பு முறை, சுமார் 256 எம்பி. இரண்டாவது மீதியெல்லாம், நெட்பிஎஸ்டி வகை. அதன் எண் 169. வரிசை முக்கியம். சிஇ முதல் பார்ட்டிஷனைத்தான் பார்க்கும், அதுவும் ஃபாட் ஆக இருந்தால்தான். பூட்லோடர் சிஇ-க்குள் ஓடும் சாதாரண நிரல் என்பதால், சிஇ-யின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் கர்னல் இருக்க வேண்டும். நெட்பிஎஸ்டியின் கோப்பு முறையை சிஇ-யால் படிக்க முடியாது.

லினக்ஸ் கணினி இருந்தால் கார்டு ரீடரில் செருகி எஃப்டிஸ்க் கொண்டு இரண்டையும் உருவாக்கிவிடலாம். செய்யும்முன் எந்த வட்டின் மேல் வேலை செய்கிறீர்கள் என்று அளவைப் பார்த்து இரண்டு முறை உறுதிசெய்யுங்கள். கணினியின் சொந்த வட்டை அழித்துவிட்டால் மேலே சொன்ன ரீசெட் பொத்தான் அங்கே இல்லை.

ஃபாட் பகுதியை ஃபார்மேட் செய்த பிறகு, கர்னல்கள் இரண்டு, பிபிஎஸ்டிபூட், ஒரு கோப்புறைக்குள் செட்கள் என எல்லாவற்றையும் அதில் நகலெடுங்கள். கர்னலுக்குச் சின்னப் பெயர் வையுங்கள், எட்டு எழுத்துக்குள். சுருக்கிய கர்னலைப் பிரிக்க வேண்டாம், பூட்லோடரே பிரித்துக்கொள்ளும். கைக்கணினியில் கார்டைச் செருகி, சிஇ-யின் கோப்பு உலாவியில் ஸ்டோரேஜ் கார்டு என்ற பெயரில் அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வேறு கார்டு ஒன்றை முயலுங்கள். ஒரு கருவி ஏற்காத கார்டை இன்னொன்று ஏற்பது இந்தத் தலைமுறைக் கருவிகளில் வழக்கம்.

படி 4: பூட்லோடரை இயக்குதல்

முதலில் சிஇ-யின் கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். நினைவகத்தைச் சேமிப்புக்கு எவ்வளவு, நிரல்களுக்கு எவ்வளவு என்று பிரிக்கும் நகர்த்தி ஒன்று இருக்கும். நிரல்களின் பக்கம் முடிந்த அளவு தள்ளுங்கள். கர்னல் முழுவதும் முதலில் அந்த நிரல் நினைவகத்துக்குள்தான் ஏறப்போகிறது. இடம் போதவில்லை என்றால் பூட்லோடர் பாதியில் நின்றுவிடும்.

பிறகு ஸ்டோரேஜ் கார்டிலிருந்து பிபிஎஸ்டிபூட்டைத் திறந்தால் ஒரு சின்ன உரையாடல் பெட்டி வரும். கர்னலின் பாதை, கருவியின் பெயர், கூடுதல் விருப்பங்கள். பட்டியலில் மொபைல்ப்ரோ 780-ஐத் தேர்ந்தெடுங்கள். நிறுவல் கர்னலின் பாதையைக் கொடுத்து பூட் பொத்தானை அழுத்துங்கள். நினைவகத்தில் உள்ளது போய்விடும், சரிதானா என்று ஒரு முறை கேட்கும். சரி என்றதும் திரை வெறுமையாகி, சில நொடியில் கர்னலின் எழுத்துகள் மேலிருந்து ஓடத் தொடங்கும்.

அந்தச் சில நொடியில் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் தாண்டிப் போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஓர் இயங்குதளத்தின் கீழ் ஓடும் சாதாரண நிரல், தன்னை ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த இயங்குதளத்தையே ஓரம் தள்ளிவிட்டு இன்னொன்றை உட்கார வைக்க வேண்டும். ஆனால் அந்த நிரலுக்குத் தெரிவதெல்லாம் சிஇ காட்டும் கற்பனை முகவரிகள் மட்டுமே. தனக்குக் கொடுத்த நினைவகம் உண்மையில் எந்தச் சில்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கர்னலோ உண்மையான முகவரியில்தான் இருந்தாக வேண்டும்.

பிபிஎஸ்டிபூட்டை எழுதியவர்கள் இதற்குக் கண்ட வழி என்னை இன்னும் வியக்க வைக்கிறது. நிரல் முதலில் சிஇ-யிடம் நிறைய நினைவகப் பக்கங்களைக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் ஓர் அடையாளக் குறியையும் பக்க எண்ணையும் எழுதி வைக்கிறது. பிறகு கர்னல் நிலை அனுமதிக்கு மாறுகிறது; அந்தக் கால சிஇ சாதாரண நிரலுக்கும் அதை அனுமதித்தது. மிப்ஸ் புராசசரில் உண்மையான நினைவகத்தை அப்படியே பார்க்கும் முகவரிச் சாளரம் ஒன்று உண்டு. அதன் வழியாக ராம் முழுவதையும் தொடக்கத்திலிருந்து நடந்து பார்த்து, தான் வைத்த அடையாளம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுகிறது. ஏரிக்கரையில் நூறு மாட்டை மேயவிட்டு, கழுத்தில் கட்டிய சலங்கையை வைத்து ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது போல.

எல்லாப் பக்கமும் எங்கே என்று தெரிந்த பின் கர்னலை அவற்றில் துண்டு துண்டாக நிரப்புகிறது. கடைசியில் சில வரி அசெம்பிளி நிரல், அந்தத் துண்டுகளைச் சரியான வரிசையில் சரியான முகவரிக்கு நகர்த்திவிட்டு கர்னலின் முதல் கட்டளைக்குத் தாவுகிறது. அந்த நொடியில் விண்டோஸ் சிஇ-யின் கதை முடிந்தது. திரும்பிப் போக வழி இல்லை, ரீசெட்டைத் தவிர.

படி 5: திரையில் ஒன்றும் வரவில்லை என்றால்

நான் முதல் முறை முயன்றபோது திரை கறுப்பாகவே நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தேன். அட்டவணையில் பக்கத்து வரியில் இருந்த வேறு மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. கர்னல் நன்றாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தன் எழுத்துகளைத் திரை இல்லாத ஒரு முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே கறுப்புத் திரை என்றால் முதலில் மாடல் தேர்வைப் பாருங்கள். படம் கோடுகோடாகச் சாய்ந்தும் கலைந்தும் வந்தால் அதுவும் இதே கோளாறுதான். ஒரு வரிக்கு எத்தனை பைட் என்ற கணக்கு தவறியிருக்கிறது. எழுத்துகள் வந்து பாதியில் நின்றால் கடைசி வரியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிசி கார்டு துளையில் ஏதாவது செருகியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ரூட் (கோப்பு முறையின் வேர்ப் பகுதி) எந்த வட்டில் என்று கர்னல் கேட்டு நின்றால், டபிள்யூடி0 என்ற வட்டின் ஏ பகுதி என்று பதில் கொடுக்க வேண்டும். இரண்டு துளையிலும் கார்டு இருந்தால் எண் மாறிப் போகலாம். அதற்காகவே நிறுவும்போது ஒரே ஒரு கார்டோடு வேலை செய்வது நல்லது.

படி 6: நிறுவுதல்

நிறுவல் கர்னலுக்குள்ளேயே ஒரு சின்ன நினைவக வட்டு அடங்கியிருக்கிறது; அதிலிருந்து சிஸ்இன்ஸ்ட் என்ற நிறுவி எழும். கேள்வி பதில் பாணியில் போகும், பயப்பட ஒன்றுமில்லை. கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

வட்டைப் பிரிக்கும் இடத்தில் முழு வட்டையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்மதித்தால் ஃபாட் பகுதி போய்விடும், அதோடு செட்களும் பூட்லோடரும் போகும். ஏற்கெனவே உருவாக்கிய நெட்பிஎஸ்டி பகுதியை மட்டும் கொடுங்கள். அதற்குள் ஏ என்ற ரூட் பகுதி, பி என்ற ஸ்வாப் பகுதி (ராம் போதாதபோது உதவும் இடம்). ஸ்வாப்புக்கு 64 எம்பி ஒதுக்குங்கள். ஃபிளாஷ் கார்டில் ஸ்வாப் வைத்தால் கார்டு தேயும் என்பது உண்மைதான். ஆனால் 32 எம்பி ராமில் நிறுவும்போது அது இல்லாமல் நடுவில் நினைவகம் தீர்ந்து நிற்கலாம். நிறுவி முடிந்ததும் அணைத்துக்கொள்ளலாம்.

செட்கள் எங்கே என்று கேட்கும்போது, இணைக்கப்படாத கோப்பு முறை என்ற பொருள்படும் தேர்வை எடுங்கள். பகுதிப் பட்டியலில் எம்எஸ்டாஸ் என்று காட்டும் எழுத்தையும், செட்கள் உள்ள கோப்புறையின் பெயரையும் கொடுத்தால் போதும். பிறகு செட்கள் ஒவ்வொன்றாக விரியும். காபி போட்டுக் குடித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அடாப்டரை மட்டும் யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10.0-இல் இன்னொன்று உண்டு. குறியாக்கச் சாவிகள் செய்யப் போதுமான தற்செயல் எண்கள் இந்த வன்பொருளில் கிடைப்பதில்லை. அதனால் நிறுவி அவற்றை உங்களிடமே கேட்கும். அங்கே மனம்போன போக்கில் நீளமாகத் தட்டச்சு செய்யுங்கள். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் பிறகு எஸ்எஸ்எச் சாவி உருவாகாமல் நிற்கும்.

முடிந்ததும் கருவியை மறுபடி தொடங்கச் சொன்னால் விண்டோஸ் சிஇ புதிதாகப் பிறந்தது போல எழும். தொடுதிரை அளவுத்திருத்தம்கூடக் கேட்கும். இது ஒவ்வொரு முறையும் நடக்கும். மறுபடி ஸ்டோரேஜ் கார்டு, பிபிஎஸ்டிபூட், இந்த முறை ஜெனரிக் கர்னல். லாகின் என்று கேட்டு நிற்கும் அந்த வரிதான் இத்தனை வேலையின் பலன்.

படி 7: வாழத் தகுந்ததாக்குதல்

நினைவகம் குறைவு, ஆகவே பின்னணியில் ஓடும் எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஆர்சி.கான்ஃப் கோப்பில் அஞ்சல் சேவை, எஸ்எஸ்எச் சேவை எல்லாவற்றையும் அணையுங்கள். வெளியிலிருந்து யாரும் இந்தக் கருவிக்குள் நுழையப் போவதில்லை. இதிலிருந்து வெளியே போக எஸ்எஸ்எச் சேவை தேவையும் இல்லை. அதை இயக்கி வைத்தால் முதல் பூட்டில் சாவிகளை உருவாக்கவே பல நிமிடம் எடுக்கும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் பகுதிக்கு நோஏடைம் சேருங்கள். ஒவ்வொரு கோப்பைப் படிக்கும்போதும் படித்த நேரத்தை எழுதும் வேலை மிச்சம், கார்டுக்கும் நல்லது. 5.0 அல்லது அதற்குப் பிந்தைய வெளியீடு என்றால் லாக் என்ற விருப்பத்தையும் சேருங்கள். மின்சாரம் திடீரென்று போனாலும் அடுத்த முறை நீண்ட வட்டுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேட்டரி செத்த கருவியில் இது அடிக்கடி உதவும்.

திரை வெளிச்சத்தை டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல் என்ற கட்டளையால் கூட்டிக் குறைக்கலாம். விசைப்பலகை அமைப்பை மாற்றவும் அதுவேதான். தொடுதிரையை அளவுத்திருத்தம் செய்ய டிபிசிடிஎல். எக்ஸ் விண்டோ என்ற வரைகலைத் திரையைப் போடாதவரை தொடுதிரை தேவைப்படாது, அதைப் போட்டால் இந்தக் கருவி மூச்சுத் திணறும். 640 புள்ளி அகலத்தில் 80 எழுத்து வரிகள் அழகாக அடங்குகின்றன. அந்த உரைத் திரைதான் இதன் உண்மையான வீடு. ஒரே வருத்தம், கன்சோலில் தமிழ் தெரியாது. தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு இந்தக் கருவி இன்னும் உதவவில்லை.

படி 8: வலை இணைப்பு

பிசி கார்டு துளை 16 பிட் கார்டுகளை மட்டும் ஏற்கும். பின்னாளில் வந்த 32 பிட் கார்ட்பஸ் கார்டுகளின் முனையில் புள்ளிபுள்ளியான தங்க நிறப் பட்டை இருக்கும், அவை வேண்டாம். என்இ2000 வகையைச் சேர்ந்த ஈதர்நெட் கார்டு ஒன்று கிடைத்தால் பிரச்சினையே இல்லை. த்ரீகாம் 3சி589-உம் நன்றாக ஓடும்.

கம்பியில்லா இணைப்புக்குப் பழைய லூசன்ட் ஒரினோகோ கார்டு பொருந்தும். ஆனால் அது 802.11பி காலத்தது, வெப் என்ற பலவீனமான பூட்டு மட்டுமே அதற்குத் தெரியும். அதற்காக வீட்டு ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைப்பது தவறு. கம்பியையே பயன்படுத்துங்கள்.

எஸ்எஸ்எச் இணைக்கும்போது தொடக்கத்தில் நன்றாகவே காத்திருக்க வேண்டும். சாவிப் பரிமாற்றக் கணக்கு 168 மெகாஹெர்ட்ஸுக்குப் பாரம். இணைந்துவிட்ட பிறகு தட்டச்சு சரளமாகவே இருக்கும்.

படி 9: சொந்தக் கர்னல்

ஜெனரிக் கர்னலில் எல்லாக் கைக்கணினிகளுக்குமான டிரைவர்கள் நிறைந்திருக்கின்றன. உங்களுக்கு 780-க்கு வேண்டியவை மட்டும் போதும். குறைத்தால் சில நூறு கிலோபைட்டாவது ராம் மிஞ்சும், 32 எம்பியில் அது பெரிய விஷயம்.

கைக்கணினியிலேயே கட்ட முயலாதீர்கள். நெட்பிஎஸ்டியின் மூலத்தோடு பில்ட்.எஸ்எச் என்ற ஸ்கிரிப்ட் வருகிறது. லினக்ஸ் மடிக்கணினியில் அதை இயக்கினால் மிப்ஸுக்கான கம்பைலரை முதலில் தானே கட்டிக்கொண்டு, பிறகு கர்னலையும் கட்டித்தரும். இயந்திரத்தின் பெயராக எச்பிசிமிப்ஸ் என்று கொடுக்க வேண்டும். ஜெனரிக் அமைப்புக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, தேவையில்லாத வரிகளுக்கு முன் கருத்துக் குறி போடுங்கள். ஒரே நேரத்தில் நிறைய நீக்க வேண்டாம். ஐந்தாறு வரி, ஒரு கட்டல், ஒரு பூட். எழவில்லை என்றால் எந்த வரி காரணம் என்று தெரிந்துவிடும். பழைய கர்னலை ஃபாட் பகுதியில் அப்படியே வைத்திருங்கள், புதியது பக்கத்தில் வேறு பெயரில் இருக்கட்டும்.

உங்கள் கையில் இருப்பது வேறு கருவி என்றால்

ஐபிஎம் ஒர்க்பேட் இசட்50 கிடைத்தால் விடாதீர்கள். அதுவும் விஆர்4121-தான், 640-க்கு 480 முழுத்திரை, திங்க்பேட் பாணி விசைப்பலகை, நடுவில் டிராக்பாயிண்ட். மேலே சொன்ன அதே படிகள் அதற்கும் பொருந்தும். எச்பி ஜோர்னாடா 720 என்றால் 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம். எச்பிசிஆர்ம் எடுத்து எச்பிசிபூட் என்ற பூட்லோடரால் ஏற்ற வேண்டும், அல்லது ஜோர்னாடாவுக்கென்றே தன்னார்வலர்கள் கட்டிய ஜேலைம் என்ற லினக்ஸ் இருக்கிறது. சியான் 5எம்எக்ஸ் போன்ற, இபோக் என்ற இயங்குதளம் கொண்ட கருவிகளுக்கு ஓபன்சியான் திட்டத்தின் லினக்ஸ் இருந்தது. 1997-இல் வந்த சியான் சீரிஸ் 5-க்கும் அதன் உறவுகளுக்கும் இபோக்32 என்ற பெயரில் நெட்பிஎஸ்டி வந்தது 2013-இல். பதினாறு ஆண்டு கழித்தும் ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்தார்.

காம்பாக் ஐபேக் எச்3600 மட்டும் வேறு ஜாதி. அதில் இயங்குதளம் ஃபிளாஷில் இருக்கிறது. ஃபெமிலியர் லினக்ஸ் போட முதலில் ஃபிளாஷில் உள்ள பூட்லோடரையே மாற்றி எழுத வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் ரீசெட் காப்பாற்றாது. முதல் கருவியாக அதை எடுக்க வேண்டாம்.

பட்டியலில் இல்லாத மாடல்

மிப்ஸ் சிஇ கருவிதான், ஆனால் பூட்லோடரின் பட்டியலில் பெயர் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அந்தத் தன்னார்வலர்கள் செய்த வேலையில் ஒரு பங்கு உங்களுக்காக மிச்சம் இருக்கிறது.

முதலில் புராசசரைக் கண்டுபிடியுங்கள், அதே புராசசர் கொண்ட வேறு மாடலின் வரியைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து பாருங்கள். திரை வருகிறதோ இல்லையோ, கருவியில் கார்டைக் காட்டும் விளக்கு இருந்து அது மினுங்கினால் கர்னல் உயிரோடு இருக்கிறது. அடுத்தது திரை நினைவகத்தின் முகவரி. பூட்லோடரின் மூலத்தில் உள்ள அட்டவணையில் ஒவ்வொரு மாடலுக்கும் திரையின் அகலம், உயரம், வரிக்கு எத்தனை பைட், புள்ளிக்கு எத்தனை பிட், முகவரி என்று ஒரு வரி இருக்கும். ஒரே நிறுவனத்தின் அண்ணன் தம்பி மாடல்களில் முகவரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

திரை வந்ததும் விசைப்பலகை. எச்பிசிகேபிடி டிரைவரின் அட்டவணையில் ஒவ்வொரு கம்பிச் சந்திப்புக்கும் ஓர் எண். ஒவ்வொரு விசையாக அழுத்தி, எந்த எழுத்து தவறாக வருகிறது என்று தாளில் எழுதி, அட்டவணையைத் திருத்த வேண்டும். ஒரு மாலை முழுக்க ஆகும். கடைசியாக பிளாட்ஐடி கோப்பில் உங்கள் மாடலுக்கு ஓர் அடையாள வரி.

எல்லாம் ஓடிய பிறகு டிமெசேஜ் கட்டளை காட்டும் முழுச் செய்தியையும் கோப்பில் எடுத்து, மாடலின் அடியில் உள்ள ஒட்டுத்தாளின் எண், சிஇ-யின் பதிப்பு, நீங்கள் மாற்றிய வரிகள் ஆகியவற்றோடு நெட்பிஎஸ்டியின் பிழைப் பதிவு முறைக்கு அனுப்புங்கள். சென்ட்-பிஆர் என்று அதற்கு ஒரு கட்டளையே உண்டு. என்ன வேலை செய்கிறது என்பதோடு என்ன வேலை செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள்: ஒலி வரவில்லை, பேட்டரி அளவு காட்டவில்லை, மூடியை மூடினால் உறங்கவில்லை. அடுத்து அதே கருவியைக் கையில் எடுப்பவர் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவார்.